14 பேர், 10 இடம்: ஆஃப்சீசனுக்கு முன் இந்த ஹாக்கி டீமை எடை போடுங்கள்

மூன்றாம்_லைன் | 20 ஏப்ரல் 2025

லீக் விவரம்: ஃபேன்டஸி ஐஸ் ஹாக்கி, அதாவது என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வீரர்களைக் கொண்டு கற்பனை டீம் கட்டி, அவர்களின் நிஜ எண்களால் மோதுவது. 12 டீம், வாரா வாரம் நேருக்கு நேர் மோதல். மொத்தம் 9 பிரிவு. கோல், அசிஸ்ட், பவர்பிளே பாயின்ட் (எதிரணியில் ஆள் குறையும் நேரத்தில் எடுக்கும் கோல், அசிஸ்ட்), ஷாட், ஹிட் (உடலால் மோதுவது), பிளாக் (எதிரணி ஷாட்டை உடலால் மறிப்பது). கோலிகளுக்கு (கோல் காப்பவர்கள்) வெற்றி, ஆட்டத்துக்கு வாங்கும் கோல் சராசரி, சேவ் சதவீதம் (.905 என்றால் 90.5). களத்தில் 2 சென்டர், 2 இடது விங், 2 வலது விங், 4 டிஃபன்ஸ், 1 பொது இடம், 2 கோலி. பெஞ்ச் 5, காயப்பட்டவர்களுக்கு 2. ஐபிஎல் ரிட்டென்ஷன் மாதிரிதான், டீமுக்கு 10 பேரைத் தக்கவைக்கலாம். கடைசி நாள் செப்டம்பர் 15. இது தவிர இளம் வீரர்களுக்குத் தனியாக 4 இடம். 60 என்ஹெச்எல் ஆட்டம் ஆடும்வரை அவர்கள் அந்தப் பத்தில் சேர மாட்டார்கள். கோடை முழுக்க டிரேடு திறந்திருக்கும்.

சென்டர்: ஜாக் ஹியூஸ், மார்க் ஷைஃப்லி, டிலன் ஸ்ட்ரோம்
விங்: ஜேசன் ராபர்ட்சன், மேட் போல்டி, சாம் ரைன்ஹார்ட், டாம் வில்சன், ஓவெச்கின், மோர்கன் கீக்கி
டிஃபன்ஸ்: ரோமன் யோசி, நோவா டாப்சன், மோரிட்ஸ் சைடர்
கோலி: இகோர் ஷெஸ்டெர்கின், ஜெரமி ஸ்வேமன்
இளம் வீரர்கள்: இவான் டெமிடோவ், ஸீவ் பூயம், ரயன் லியோனார்ட், யெஸ்பர் வால்ஸ்டெட்

முடித்த இடம் 7. கோல், ஹிட் இரண்டிலும் மேலே. டிஃபன்ஸிலிருந்து பவர்பிளே பாயின்ட் வரவில்லை. கோலி பிரிவுகள் மூன்றிலும் அடி. இன்னும் ஒரு நல்ல கோலி கிடைத்தால் கோப்பைக்குப் போட்டியிடலாம் என்று படுகிறது. சரியா?

எக்செல்_மாமா | 21 ஏப்ரல் 2025

முதலில் ஒரு ஒப்பந்தம்: இந்த இழையில் கோலி என்றால் விராட் இல்லை.

கோலி கணக்குக்கு அப்புறம் வருவோம். உங்கள் முதல் சிக்கல் 14 பேர் இருப்பது. 12 டீம், தலைக்கு 10 பேர் என்றால் லீக் மொத்தமும் 120 பேரைத் தக்கவைக்கும். 121-வது வீரர் ட்ராஃப்டில் (மிச்ச வீரர்களை டீம்கள் முறை வைத்து எடுக்கும் நாள்) சும்மா கிடைப்பார். அதனால் 110-வது இடத்தில் இருப்பவருக்கும் 125-வது இடத்தில் இருப்பவருக்கும் புள்ளிகளில் வித்தியாசம் இருந்தாலும், சந்தையில் இரண்டு பேருக்கும் விலை பூஜ்யம்தான். செப்டம்பர் 15 அன்று உங்கள் 11, 12, 13, 14-வது ஆட்கள் நாலு பேரும் கையை விட்டுப் போவார்கள். அவர்கள் இன்றைக்குச் சொத்து. செப்டம்பரில் வெறும் பெயர்.

செய்ய வேண்டியது இதுதான். மற்ற 11 டீமையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் நிச்சயம் தக்கவைக்கத் தகுந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 7 அல்லது 8 பேரோடு நிற்கும் டீம் இரண்டு மூன்றாவது இருக்கும். அவர்களுக்கு உங்கள் 11-வது ஆள் என்பது உண்மையான முன்னேற்றம். அங்கே போய் இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்குங்கள். 12 பேரோடு தவிக்கும் டீமிடம் பேசவே வேண்டாம், அவரும் உங்களைப் போலத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்.

எப்போது என்பதும் முக்கியம். இப்போதிலிருந்து ஜூன் கடைசியில் நடக்கும் என்ஹெச்எல் ட்ராஃப்ட் (நிஜ டீம்கள் புது இளம் வீரர்களை எடுக்கும் நாள்) வரை. ஆகஸ்ட் முடிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவார்கள், சந்தை கத்தரிக்காய் விலைக்கு வந்துவிடும்.

நீலக்கோடு | 21 ஏப்ரல் 2025

மாமா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். யாரை விற்பது என்பதற்கு என்னுடைய அளவுகோல் ஷூட்டிங் சதவீதம்.

கீக்கி இந்த சீசனில் 150 ஷாட்டில் 33 கோல், அதாவது 22 சதவீதம். போன சீசனில் அவருக்கு மொத்தமே 17 கோல். இந்த மாதிரி எண்ணிக்கையைக் கண்டால் வரலாற்றைப் புரட்ட வேண்டும். வில்லியம் கார்ல்சன் 2017-18-ல் 184 ஷாட்டில் 43 கோல், அடுத்த சீசனில் 24. ஆண்ட்ரே குஸ்மென்கோ 2022-23-ல் 143 ஷாட்டில் 39, அடுத்த சீசனில் 22. உங்கள் டீமிலேயே இருக்கும் ரைன்ஹார்ட் 2023-24-ல் 233 ஷாட்டில் 57, இந்த சீசனில் 39. ரைன்ஹார்ட் விழுந்தும் 39-ல் நின்றதற்குக் காரணம் ஷாட் எண்ணிக்கையும், பவர்பிளேயில் வலைக்கு முன்னால் அவருக்கு இருக்கும் நிரந்தர இடமும். கீக்கிக்கு அந்த அடித்தளம் கிடையாது.

கணக்கு சுலபம். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் என்று மூன்று வருட சராசரி எடுங்கள். அதை 78 ஆட்டத்தால் பெருக்குங்கள் (முழு சீசனின் 82 என்று எடுத்தால் எல்லோரும் நட்சத்திரம்தான்). வருவதை மூன்று வருட ஷூட்டிங் சதவீதத்தால் பெருக்குங்கள். கீக்கிக்குத் தாராளமாக 170 ஷாட், 14 சதவீதம் என்று போட்டாலும் 24 கோல்தான். 24 கோல் விங்கர் 120 பேருக்குள் வர மாட்டார். 33 கோல் விங்கருக்கு வாங்க ஆள் உண்டு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோ_அண்ணை | 22 ஏப்ரல் 2025

நீலக்கோடு, கணக்குச் சரி. ஆனா கீக்கி ஆரோட விளையாடுறார் எண்டதை விட்டிட்டீங்கள். பொஸ்ரனில அவரோட ஒரே லைனில ஆடுற பாஸ்ட்ர்நாக் இந்த வருசம் 106 பொயின்ற் (கோலும் அசிஸ்டும் சேர்த்து). அவரிட்ட இருந்து வாற பாஸ் சும்மா தூரத்தில இருந்து அடிக்கிற ஷொட் இல்லை, அரைவாசி வலை திறந்து கிடக்கேக்க வாறது. மார்ச்சில பொஸ்ரன் மார்ஷாண்டைப் புளோரிடாவுக்குக் குடுத்திட்டுது, கொயிலும் போயிட்டார். அந்த லைனில கீக்கியைத் தள்ளிவிட ஆள் இல்லை. 22 நிக்காது, அது உண்மை. ஆனா 14க்கும் விழாது. 17 எண்டு பிடிச்சால் 29 கோல் வரும். அவருக்கு இந்தக் கோடையில புது ஒப்பந்தமும் வேணும், அது என்ன எண்டு தெரியாமல் மலிவு விலைக்குக் குடுக்காதேங்கோ.

நான் முதல்ல விக்கச் சொல்லுறது ஓவெச்கினை. கிரெட்ஸ்கியின்ர மொத்த கோல் சாதனையை உடைச்ச வருசம், 65 ஆட்டத்தில 44 கோல், காலெலும்பு உடைஞ்சு வந்த பிறகும். செப்டம்பரில 40 வயசு, ஒப்பந்தம் 2025-26ஓட முடியுது. வாங்கிறவருக்கு மிஞ்சினால் ஒரு வருசம். அந்த ஒரு வருசம் தேவைப்படுற ரீம், அதாவது இந்த முறை 2ஆம் 3ஆம் இடத்தில முடிச்சது, இரண்டாம் ரவுண்ட் பிக் (ட்ராஃப்டில ஆள் எடுக்கிற முறை) தரும். 7ஆம் இடத்துக்காரருக்கு அவர் அலங்காரம்.

மூன்றாம்_லைன் | 22 ஏப்ரல் 2025

ஓவெச்கின், கீக்கி புரிந்தது. கோலி? ஷெஸ்டெர்கின் 27-29-5 (வெற்றி, தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி), சராசரி 2.86, .905. ஸ்வேமன் 22-29-7, 3.11, .892. இதுதான் என்னைக் கவிழ்த்தது. வினிபெக் கோலி ஹெல்லபக்குக்கு இரண்டு பெரிய வீரர்களைக் கொடுக்கலாமா?

எக்செல்_மாமா | 23 ஏப்ரல் 2025

கொடுக்காதீர்கள். ஹெல்லபக் 47 வெற்றி, 2.00, .925 என்று முடித்த மாதம் இது. இதைவிட உச்ச விலைக்கு அவரை வாங்க முடியாது. அடுத்த சீசனில் 2.40, .915 என்று வந்தாலும் அவர் லீகின் சிறந்த கோலிதான், நீங்கள் மட்டும் நஷ்டத்தில் இருப்பீர்கள்.

கோலி எண்கள் வருடத்துக்கு வருடம் எவ்வளவு ஆடும் என்பதற்கு டார்சி கெம்ப்பர் போதும். 2023-24-ல் வாஷிங்டனில் 3.31, .890, வேலை பறிபோன நிலை. இந்த சீசனில் லாஸ் ஏஞ்சலஸில் 31 வெற்றி, 2.02. அதே மனிதர், 34 வயது. மாறியது முன்னால் நிற்கும் டிஃபன்ஸ். டஸ்டின் வுல்ஃபை எத்தனை லீகில் கடைசி ரவுண்டில் எடுத்தார்கள்? 29 வெற்றி.

லீக் சராசரியே இன்று .900 பக்கம் வந்துவிட்டது. பழைய நினைப்பில் .915-க்குக் குறைந்தால் மோசம் என்று பார்க்கக் கூடாது. ஷெஸ்டெர்கினின் .905 சராசரிக்கு மேல். அவரைக் கெடுத்தது முன்னால் ஆடிய ரேஞ்சர்ஸ். 2023-24-ல் லீக் அட்டவணையில் 114 புள்ளி எடுத்த டீம் இந்த சீசனில் 85, பயிற்சியாளரையும் நீக்கியாகிவிட்டது. அவரை வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரே ஒரு கோலி, இரண்டாவது கோலி ட்ராஃப்டின் நடுவில், மூன்றாவது பெஞ்சில்.

மூன்றாவது கோலி ஏன் என்றால், 2026 பிப்ரவரி ஒலிம்பிக்குக்காக லீக் 6-ம் தேதியிலிருந்து 24 வரை நிற்கும். 82 ஆட்டத்தையும் மிச்ச நாட்களில் அடைக்க வேண்டும். அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள் கூடும், மாற்று கோலிகளுக்கு வாய்ப்பு கூடும். முதல் கோலி இரண்டு பேரை மட்டும் வைத்திருப்பவர், ஆட்ட எண்ணிக்கை குறைந்த வாரத்தில் வெற்றிப் பிரிவை இழப்பார்.

நீலக்கோடு | 23 ஏப்ரல் 2025

ஸ்வேமனைப் பற்றி ஒரு வரி. பயிற்சி முகாமே இல்லாமல் சீசனைத் தொடங்கினார், பாஸ்டனில் அவருக்கு முன்னால் ஆடும் டிஃபன்ஸில் ஹாம்பஸ் லிண்ட்ஹோம் நவம்பரில் காயத்தால் போனார், மக்அவாய் பிப்ரவரியில். இருவரும் திரும்பினால் .905 எதிர்பார்க்கலாம். ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பத்தில் ஒரு இடம் தர முடியாது. டிரேடில் கொசுறாகச் சேர்த்துவிட ஏற்ற ஆள்.

பனித்தரை | 24 ஏப்ரல் 2025

டிஃபன்ஸைத்தான் யாரும் தொடவில்லை, அங்கேதான் ஓட்டை.

பவர்பிளேயில் பெரும்பாலான டீம்கள் நாலு ஃபார்வர்டு, ஒரு டிஃபன்ஸ் என்றுதான் இறக்குகின்றன. ஆகவே என்ஹெச்எல்-லின் 32 டீமுக்கும் சேர்த்து முதல் யூனிட்டில் (பவர்பிளேயில் முதலில் இறங்கும் ஐவர்) 32 டிஃபன்ஸ் நாற்காலிதான். அந்த நாற்காலி இல்லாத டிஃபன்ஸ்காரர் ஹிட், பிளாக்கோடு நிற்பார்.

யோசி: 53 ஆட்டத்தில் 38 புள்ளி, நாற்காலி இருக்கிறது. ஆனால் ஜூன் 1 அன்று 35 வயது, சீசனின் கடைசிப் பகுதி முழுக்கத் தலைக்காயத்தால் இல்லை. அவர் டீம் நாஷ்வில் அட்டவணையில் 68 புள்ளியோடு முடித்தது. பெயருக்காக வாங்குபவர் இன்னும் இருப்பார், இதுதான் கடைசிக் கோடை.

டாப்சன்: 2023-24-ல் 70 புள்ளி, இந்த சீசனில் 71 ஆட்டத்தில் 39. அவர் டீம் ஐலண்டர்ஸின் பவர்பிளே லீகின் அடித்தட்டில் இருந்தது, அதுதான் பெரும்பாலான காரணம். இப்போது விற்றால் அடிமாட்டு விலை. ஒப்பந்தம் முடிகிறது, வேறு டீமுக்குப் போனால் நாற்காலி உறுதியா என்று பார்த்து முடிவெடுங்கள்.

சைடர்: 46 புள்ளி, இதுவரை ஒரு ஆட்டம்கூடத் தவறவிட்டதில்லை, ஹிட்டும் பிளாக்கும் வண்டி வண்டியாக வரும். வைத்துக்கொள்ளுங்கள். அவர் டீம் டெட்ராய்ட்டுக்கு இளம் டிஃபன்ஸ்காரர் சாண்டின்-பெலிக்கா வருகிறார், அவர் பிறவிப் பவர்பிளே ஆள். சைடரின் அசிஸ்டில் கொஞ்சம் அவரிடம் போகலாம். பிளாக் போகாது.

வாங்க வேண்டியவர் ஒட்டாவாவின் ஜேக் சாண்டர்சன். 57 புள்ளி, 22 வயது, நாற்காலி அவருடையது, ஒப்பந்தம் 2031-32 வரை. ஸ்ட்ரோமும் யோசியும் கொடுத்துக் கேளுங்கள். ஸ்ட்ரோம் 82 புள்ளி எடுத்தவர் என்பது உண்மை, ஆனால் இந்த லீகில் சென்டர்தான் மலிவு. இரண்டு இடத்துக்கு என்ஹெச்எல் முழுக்க ஆள் குவிந்து கிடக்கிறது. ஹிட், பிளாக் அவரிடம் இல்லவே இல்லை.

ஸ்காபரோ_அண்ணை | 24 ஏப்ரல் 2025

ஜாக் ஹியூஸையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ. போன வருசம் 62 ஆட்டம், இந்த வருசமும் சரியா 62 ஆட்டம், ரெண்டு முறையும் தோள்மூட்டுச் சத்திரசிகிச்சை. இந்த மார்ச்சில, எங்கட பிளேஓஃப் கிழமையளில ஆளே இல்லை.

எக்செல்_மாமா | 25 ஏப்ரல் 2025

ஹியூஸ் கணக்கு அவ்வளவு மோசம் இல்லை அண்ணே. 62 ஆட்டத்தில் 70 புள்ளி, ஆட்டத்துக்கு 1.13. அவர் இல்லாத 20 ஆட்டமும் பூஜ்யம் அல்ல, காயப்பட்டோர் இடத்தில் போட்டுவிட்டு வெளியிலிருந்து ஒருவரை எடுக்கிறோம். அவர் ஆட்டத்துக்கு 0.55 எடுத்தால் 11. மொத்தம் 81. ஸ்ட்ரோமின் 82-க்குச் சமம், ஷாட் பிரிவில் ஹியூஸ் பக்கத்தில்கூட ஸ்ட்ரோம் வர முடியாது. 23 வயது வேறு. சிகிச்சை முடிந்த மாதத்தில் விலை தரையில் இருக்கும். விற்பதென்றால் டிசம்பரில், அவர் 30 ஆட்டம் ஆடி முடித்ததும்.

எனக்கு ஷைஃப்லி மேல்தான் கண். கடைசி மூன்று சீசன் கோல்: 42, 25, 39. வயது 32. 25 வரும் வருடம் எது என்று யாருக்கும் தெரியாது. யூட்டாவின் டிலன் குந்தர் 70 ஆட்டத்தில் 60 புள்ளி, வயது 22. ஷைஃப்லியை நேருக்கு நேர் மாற்றக் கேட்டுப் பாருங்கள்.

பனித்தரை | 25 ஏப்ரல் 2025

இங்கே ஒத்துக்கொள்ள மாட்டேன். ரைன்ஹார்ட் 29, வில்சன் 31, ஷெஸ்டெர்கின் 29. இவர்களை வைத்துக்கொண்டு ஷைஃப்லியை மட்டும் 22 வயதுக்காரருக்கு மாற்றினால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். ராபர்ட்சனும் போல்டியும் உச்சத்தில் இருக்கும் இந்த இரண்டு வருடத்தில் ஜெயிக்க வேண்டும், அதற்கு ஷைஃப்லியின் 87 புள்ளி தேவை. குந்தரோடு முதல் ரவுண்ட் பிக்கும் சேர்த்துத் தந்தால் மட்டும் யோசிக்கலாம்.

விற்க வேண்டிய 31 வயதுக்காரர் வில்சன் என்று சிலர் சொல்வார்கள். 33 கோல் அவருக்கு உச்சம், முன்பு 24. அது இறங்கும். ஆனால் 20 கோலோடு அந்த அளவு ஹிட் தரும் விங்கர் லீகில் ஒரு கை விரலுக்குள். ஹிட் பிரிவு உள்ள லீகில் அவரை விற்றால் அந்தப் பிரிவையே சேர்த்து விற்ற மாதிரி.

மூன்றாம்_லைன் | 6 மே 2025

என்ஹெச்எல் ட்ராஃப்ட் வரிசைக்கான லாட்டரி முடிந்தது, முதல் பிக் ஐலண்டர்ஸுக்கு. என் முதல் ரவுண்ட் பிக் 6-வது. புது முகங்களில் ஷேஃபர், மிசா இரண்டு பேரும் போய்விடுவார்கள். ஹேகன்ஸ் அல்லது மார்டோன் என் முறைவரை மிஞ்சலாம். பிக்கை வைக்கலாமா, விற்கலாமா?

சாண்டர்சன் வைத்திருப்பவர் ஸ்ட்ரோம், யோசியோடு பூயமும் வேண்டும் என்கிறார்.

பனித்தரை | 6 மே 2025

பூயம் கூடவே கூடாது. டென்வர் கல்லூரி டீமில் 41 ஆட்டத்தில் 48 புள்ளி, மினசோட்டா நேரே பிளேஆஃபில் இறக்கியது. அங்கே முதல் யூனிட் நாற்காலியில் நிலையாக உட்கார்ந்தவர் யாரும் இல்லை. அவர் இளம் வீரர் இடத்தில் உட்காரும்வரை உங்களுக்குச் செலவே கிடையாது, 11-வது தக்கவைப்பு மாதிரி. பதிலுக்கு வால்ஸ்டெட்டைக் காட்டுங்கள். ஏஎச்எல்-லில் (என்ஹெச்எல்-லுக்கு அடுத்த நிலை லீக்) மோசமான சீசன், ஆனால் மூத்த கோலி ஃப்ளூரி ஓய்வு பெறுவதால் மினசோட்டாவில் இடம் திறக்கிறது என்று வாங்குபவருக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. இளம் கோலிகள் பலன் தர ட்ராஃப்டிலிருந்து 4, 5 வருடம் எடுப்பார்கள், அந்தக் காத்திருப்பை அவர் தலையில் கட்டுங்கள்.

நீலக்கோடு | 7 மே 2025

பிக்கைப் பொறுத்தவரை: புது முகத்துக்கு விலை உச்சத்தில் இருப்பது என்ஹெச்எல் ட்ராஃப்ட் தொடங்கும் ஜூன் 27 மாலை, பெயர் அறிவித்து ஜெர்சி போட்ட அரை மணி நேரத்தில். அன்று விற்கத் தயாராக இருங்கள். விலை கிடைக்காவிட்டால் ஃபார்வர்டு எடுங்கள், டிஃபன்ஸ் வேண்டாம்.

டெமிடோவ், லியோனார்ட் இருவரையும் தொடாதீர்கள். டெமிடோவ் ரஷ்யாவின் கேஹெச்எல் லீகில் 65 ஆட்டத்தில் 49 புள்ளி, ஏப்ரல் 14 அன்று மாண்ட்ரியலுக்கு முதல் ஆட்டத்திலேயே கோலும் அசிஸ்டும். லியோனார்ட் பாஸ்டன் கல்லூரிக்கு 37 ஆட்டத்தில் 30 கோல், உடம்பையும் போடுவார், வில்சனுக்குப் பிறகு ஹிட்டுக்கு அவர்தான். ஒரு எச்சரிக்கை: உங்கள் லீகில் இளம் வீரரை ஒருமுறை மேலே ஏற்றினால் திரும்ப இறக்க முடியுமா என்று விதியைப் படியுங்கள். பல லீகில் முடியாது. அக்டோபரில் ஒரு வாரக் காயத்துக்காக ஏற்றிவிட்டு வருடம் முழுக்க ஒரு இடத்தை அடைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

மூன்றாம்_லைன் | 9 ஜூன் 2025

முடிந்தவை: ஸ்ட்ரோம், யோசி, வால்ஸ்டெட் கொடுத்து சாண்டர்சன் வாங்கியாகிவிட்டது. ஓவெச்கின் 3-வது இடத்து டீமுக்குப் போனார், இரண்டாம் ரவுண்ட் பிக் வந்தது. ஷைஃப்லிக்குக் குந்தர் மட்டும்தான் தருவேன் என்றார், விட்டுவிட்டேன். கையில் 12 பேர்.

பனித்தரை | 28 ஜூன் 2025

டாப்சன் மாண்ட்ரியலுக்குப் போய்விட்டார். 16, 17-வது பிக்கும் ஹைனமனும் ஐலண்டர்ஸுக்கு. 8 வருடம், வருடத்துக்கு 95 லட்சம் டாலர்.

நாற்காலி விஷயம் இங்கேதான் கடிக்கிறது. அங்கே லேன் ஹட்சன் இருக்கிறார். 66 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை, முதல் யூனிட் அவருடையது. டாப்சன் இரண்டாம் யூனிட் என்றால் 45 புள்ளியும் நல்ல பிளாக்கும். மோசமில்லை, ஆனால் 70-க்குக் காத்திருந்தவர்கள் மறந்துவிடலாம்.

ஸ்காபரோ_அண்ணை | 28 ஜூன் 2025

இண்டைக்கே வில்லுங்கோ. மொன்றியல் ஜெர்சி, பெரிய ஒப்பந்தம், கனபேர் அந்தத் தலைப்பை மட்டும்தான் வாசிப்பினம். ரெண்டு கிழமையில எல்லாரும் பவர்பிளே யூனிற்றை எழுதிப் பாக்கத் தொடங்கீடுவினம். 8 பேரோட நிக்கிற ரீமுக்கு டாப்சனும் ஸ்வேமனும் சேர்த்துக் குடுத்து ஒரு ஃபோர்வேர்ட் கேளுங்கோ. ஷொட் கனக்க அடிக்கிற விங்கர் எண்டால் நல்லம்.

எக்செல்_மாமா | 30 ஜூன் 2025

கீக்கியும் பாஸ்டனில் கையெழுத்திட்டுவிட்டார், 6 வருடம், வருடத்துக்கு 55 லட்சம். பாஸ்ட்ர்நாக் பக்கத்து இடம் தொடரும் என்று அர்த்தம், அண்ணை சொன்ன 17 சதவீதம் இப்போது எனக்கும் நியாயமாகப் படுகிறது. அண்ணை சொன்ன டிரேடு நடந்தால் 11 பேர், வரும் விங்கருக்கும் கீக்கிக்கும் ஒரே இடம். அந்த இடத்தை இப்போதே பூட்ட வேண்டாம். செப்டம்பர் முகாமில் முதல் லைனில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், கடைசி நாளுக்கு முன்தினம் முடிவு செய்யுங்கள்.

மூன்றாம்_லைன் | 30 ஜூன் 2025

டாப்சன், ஸ்வேமன் இரண்டையும் 8 பேர் டீமுக்கு அனுப்பியாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. சைடர், சாண்டர்சன் இருவர் மட்டும் டிஃபன்ஸில் என்றால் மிச்ச இரண்டையும் ட்ராஃப்டில் பிளாக் பார்த்து எடுக்கட்டுமா, இல்லை அங்கேயும் பவர்பிளே நாற்காலி தேட வேண்டுமா?

பனித்தரை | 30 ஜூன் 2025

பிளாக். நாற்காலி உள்ளவர்கள் 120-க்குள் போயிருப்பார்கள். பூயம் நவம்பருக்குள் மினசோட்டாவின் முதல் யூனிட்டைப் பிடித்தால் மூன்றாவது நாற்காலி உங்களிடமே இருக்கிறது.